ஐந்தாம் வகுப்பின் கால அட்டவணை

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புப் படிக்கட்டில் பாதி உயரம் ஏறி, முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் போனில் இரண்டு கோடு எழும். அந்த இரண்டு கோட்டுக்காக, நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியை, தோள்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு தினமும் ஏறி இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா? ‘சிக்னல் டீச்சர்’ என்று பேர் வைத்துவிட்டது. டீச்சருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தான் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்திருந்த பேரைவிட இது எவ்வளவோ மேல் என்பார். அந்தப் பேர் என்ன என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆசிரியை ஆவதற்கு முன்னால் அவர் தன் அண்ணனுடைய செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். தண்ணீரில் விழுந்த போன், குழந்தை கடித்த போன், கோபத்தில் சுவரில் எறிந்துவிட்டு ‘தானா விழுந்துடுச்சு’ என்று கொண்டுவந்து நீட்டிய போன், எல்லாவற்றையும் திறந்து பார்த்த கை அது. திறந்து பார்த்ததால் எந்தச் சாமானும் கெட்டதில்லை, திறக்கப் பயந்ததால்தான் பாதிச் சாமான் குப்பைக்குப் போகிறது என்பது அங்கே அவர் படித்துக்கொண்ட பாடம். தபால் வழியில் படித்து, பரீட்சை எழுதி, வேலை கிடைத்தபோது யாரும் போக விரும்பாத இந்த மலைப் பள்ளிக்கூடம்தான் மிச்சம் இருந்தது. இங்கே வருகிற ஆசிரியர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மாற்றல் கேட்டு மனுப் போடுவார்கள். இவர் பெட்டியோடு ஒரு சால்டரிங் அயர்னையும் கொண்டுவந்தார்.

கணவர் கீழே டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாரக் கடைசியில் மனைவி டவுன் வீட்டுக்கு வருவாரா மாட்டாரா என்பது அவர் கையிலும் இல்லை, மனைவி கையிலும் இல்லை. பஸ் கையில் இருக்கிறது.

அந்த பஸ்ஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மலைக்கு அது ஒன்றுதான். சாயங்காலம் டவுனிலிருந்து ஏறி வரும். கடைசி ஸ்டாப்பில் படுத்துக்கொள்ளும். காலையில் இறங்கிப் போகும். இதெல்லாம் ஏட்டில். நடைமுறையில் ஒரு நாள் பிரேக் சரியில்லை, ஒரு நாள் பாதையில் பாறை, ஒரு நாள் டிரைவருக்குப் பல்வலி. சாயங்காலம் ஏறி வராவிட்டால் மறுநாள் காலை இறங்கிப் போவதற்கும் பஸ் இருக்காது. டிப்போவுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். தப்பித் தவறி எடுத்தால் ‘வந்துரும்’ என்று ஒரே வார்த்தை. எப்போது என்று கேட்பதற்குள் வைத்துவிடுவார்கள். இந்த மலைக்காரர்களுக்குப் பொறுமை அதிகம் என்று வெளியாட்கள் மெச்சிக்கொள்வதுண்டு. பொறுமையாவது ஒன்றாவது! வேறு பஸ் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும். ஒரு அறையில் சின்ன வகுப்புகளோடு ஹெட்மாஸ்டர். இன்னொன்றில் நாலும் ஐந்துமாகச் சேர்த்து சிக்னல் டீச்சர். ஹெட்மாஸ்டருக்கும் ஒரு பேர் உண்டு. எதைச் சொன்னாலும் ‘இதுக்கு சர்க்குலர் இருக்கா?’ என்று கேட்பதால் அவர் சர்க்குலர் சார். கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். மழையில் நனைந்து வரும் பிள்ளைகளுக்குத் தன் துண்டை எடுத்துக் கொடுக்கிற மனிதர்தான். பயந்த சுபாவம். மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

வெப்சைட் எண்ணம் டீச்சருக்கு வந்தது பிள்ளைகள் வீட்டுக்குப் பேசுவதைக் கேட்டதால். வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ கீழே டவுனில் வேலை. தொட்டிப் படிக்கட்டில் வரிசையாக நின்று பேசுவார்கள். ‘சாப்பிட்டியா?’ ‘சாப்பிட்டேன்.’ ‘படிக்கிறியா?’ ‘படிக்கிறேன்.’ அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். பேச விஷயம் இல்லாமல் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லாததுதான் குறை என்று டீச்சருக்குப் பட்டது. பிள்ளை வரைந்த பூனையைப் பார்த்துவிட்டு அம்மா பேசினால், பூனைக்கு ஏன் ஐந்து கால் என்றாவது கேட்கலாம் அல்லவா.

அண்ணன் கடையில் ஓரமாகக் கிடந்த ஒரு லேப்டாப் வந்தது. பேட்டரி செத்துப்போனது, கரண்ட் இருக்கும்வரை உயிரோடு இருக்கும். விசைகளின்மேல் பிள்ளைகளே தமிழ் எழுத்து எழுதி ஒட்டினார்கள். ‘ழ’ எழுதிய துண்டு அடிக்கடி உரிந்து விழுந்து, கொஞ்ச நாள் வகுப்பே ‘பளம்’ தின்று ‘மளை’யில் நனைந்தது. இலவசமாகக் கிடைத்த இடத்தில் ‘எங்க வகுப்பு’ என்று ஒரு வெப்சைட் எழும்பியது. பூனைப் பக்கம், மேகப் பக்கம், ‘இன்றைக்கு யாருக்குப் பல் விழுந்தது’ என்று ஒரு பக்கம். எல்லாவற்றையும் வகுப்பிலேயே தயார் செய்து, படங்களின் அளவைக் குறைத்துப் போனுக்கு மாற்றி, தொட்டியில் ஏறி மேலே அனுப்ப வேண்டும். படத்தின் அளவைக் குறைப்பதற்குப் பிள்ளைகள் ‘பட்டினி போடுறது’ என்று பேர் வைத்திருந்தார்கள். நன்றாகப் பட்டினி போட்ட படம்தான் அந்த இரண்டு கோட்டில் ஏறும்.

வகுப்பில் ஒரு சிறுமிக்குக் கண்டக்டர் என்று பட்டப்பேர். பஸ்ஸின் ஹார்ன் சத்தத்தை மலையின் மூன்றாவது வளைவிலேயே பிடித்துவிடுவாள், காது அப்படி. நிஜ பஸ்ஸில் டிரைவரே டிக்கெட்டும் கொடுத்துவிடுவதால் அந்தப் பட்டத்துக்குப் போட்டியும் இல்லை. அவளுடைய அம்மா டவுன் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள், அங்கேயே தங்கல். அப்பா இல்லை. சிறுமி பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். பஸ் சத்தத்தின்மேல் அவளுக்கு ஏன் அவ்வளவு காது என்று இதற்குமேல் விளக்க வேண்டாம்.

வம்பு ஆரம்பித்தது ஓர் இலக்கணப் பாடத்தில். புத்தகத்தில் மன்னன் வந்தான், வருகிறான், வருவான் என்று இருந்தது. மன்னன் இந்த மலைப்பக்கம் வந்து யார் பார்த்தது? உங்களுக்குத் தெரிந்த, வருகிற, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். கண்டக்டர் எழுந்து பஸ் என்றாள். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார்கள். இறந்த காலம்: நேற்று பஸ் வந்தது. நிகழ்காலம்: இன்று பஸ் வருகிறது. எதிர்காலம்: நாளை பஸ் வரும். இறந்த காலம் என்றால் யார் செத்தது என்று ஒருவன் கேட்க, பஸ்ஸின் டயர் என்று இன்னொருவன் பதில் சொல்ல, வகுப்பு சிரித்து ஓய்ந்தது. பாடம் நன்றாக வந்திருக்கிறதே என்று அதையும் வெப்சைட்டில் ஏற்றினார்கள். மூன்று காலத்தையும் அட்டவணையாகப் போட்டதால் பிள்ளைகள் தலைப்பும் பொருத்தமாகத்தான் வைத்தார்கள்: ‘கால அட்டவணை’. பக்கத்திலேயே பஸ் படம் ஒன்று, சிவப்புக் கலரில்.

டீச்சருக்கு அப்போது உறைக்கவில்லை. போனைத் திறக்கத் தெரிந்த மூளைக்கு இது தோன்றவில்லையே என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டார். பஸ் படத்தைப் போட்டு, மேலே ‘கால அட்டவணை’ என்று எழுதி, கீழே ‘நாளை பஸ் வரும்’ என்று வைத்தால் ஊர்க்காரன் அதை இலக்கணம் என்றா படிப்பான்?

முதலில் வந்தவர் டைலர் அண்ணன். கடைவீதியில் ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவர்; அவருடைய மகள் நாலாம் வகுப்பு. டவுன் கடை ஒன்றுக்காகத் தைத்த சீருடைகளை மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார். மத்தியானம் போகும் பால் வண்டியில் ஏற்றிவிட்டிருக்கலாம். மகள் காட்டிய பக்கத்தை நம்பி, மறுநாள் காலை பஸ்ஸில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தார். பஸ் முந்தைய சாயங்காலமே வரவில்லை. கடைக்காரர் வேறு டைலரைப் பிடித்துவிட்டார். அந்த மூட்டையோடேயே பள்ளிக்கூடத்துக்கு வந்து வராந்தாவில் தொப்பென்று போட்டார்.

“டீச்சர், இது நீங்க போட்டதுதானே? ‘நாளை பஸ் வரும்’னு கொட்டை எழுத்துல இருக்கு. எந்த நாளை டீச்சர்?”

டீச்சருக்கு முதலில் சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது. மூட்டையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இது காலங்களைப் பற்றிய பாடம், இறந்த காலம், நிகழ்காலம் என்று அவர் விளக்க ஆரம்பிக்க, டைலர் அண்ணனின் முகம் இன்னும் சிவந்தது.

“இலக்கணமா? நான் இலக்கணத்துக்காகவா விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஸ்டாப்புல உக்காந்திருந்தேன்?”

இதற்குப் பதில் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. டீச்சர் மன்னிப்புக் கேட்டார். டைலர் அண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பேசிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

சர்க்குலர் சார் பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இதற்கு சர்க்குலர் இருக்கிறதா என்று கேட்டார். வெப்சைட் வைக்கக் கூடாது என்று சர்க்குலர் இருக்கிறதா என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். அப்படியும் இல்லை. சார் கொஞ்ச நேரம் மேஜைமேல் இருந்த மணியை நகர்த்தி நகர்த்தி வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். பஸ்ஸைப் பற்றிய பக்கத்தை மட்டும் எடுத்தால் போதாது. முழுவதையும் மூடிவிட வேண்டும். இன்றைக்குப் பஸ், நாளைக்கு எது கிளம்புமோ. டீச்சர் அசையவில்லை. அழிப்பதற்கு ஒரு நிமிஷம் போதும், திருத்துவதற்கு இந்த ஒரு வாரம் கொடுங்கள் என்றார். கடைசியில் ஒரு உடன்பாடு: வெள்ளிக்கிழமை கூட்டம்வரை இருக்கட்டும், கூட்டத்தில் பெற்றோரில் ஒருவர் எதிர்த்தாலும் ‘எங்க வகுப்பு’ மூடப்படும். பூனையும் மேகமும் விழுந்த பற்களும் எல்லாம் போகும்.

டீச்சர் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு பாடம் போட்டுவிடலாம் என்றுதான் அன்று நினைத்தார். பள்ளிக்கூடம் விட்டபின் கண்டக்டர் வீட்டுக்குப் போகாமல் வாசல் நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டதும் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் டீச்சரை உலுக்கிவிட்டது.

“அம்மாவும் அதைப் பாத்தாங்க டீச்சர். ரெண்டு தடவை லீவு கேட்டு வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாங்களாம். ரெண்டு தடவையும் பஸ் இல்ல. ‘இனிமே உங்க பக்கத்த நம்பி வரமாட்டேன், லீவு சேத்து வெச்சு பெரிய லீவுக்கு வர்றேன்’னு சொல்லிட்டாங்க. பெரிய லீவு ரொம்ப தூரம்.”

அந்த வாக்கியத்தை எழுதியது அவள். பஸ் என்று எழுந்து சொன்னதும் அவள். நாளை பஸ் வரும் என்று எழுதி முடித்துவிட்டு அன்றைக்கு அவள் சாக்பீஸை வைக்க மனமில்லாமல் நின்றது டீச்சருக்கு இப்போது ஞாபகம் வந்தது. வேறு பாடம் போடுகிற யோசனை அந்த இடத்திலேயே செத்தது. நாம் கெடுத்ததை நாமே சரிபண்ணுவோம், அழுக்கான துணியைத் தூக்கி எறிகிறோமா என்ன, உன் அம்மாவிடம் கேட்டுப் பார் என்றார். சிறுமிக்குப் பாதி புரிந்தது.

மறுநாள் ஐந்தாம் வகுப்பில் இலக்கணப் பாடம் மறுபடி நடந்தது. பஸ் வருமா வராதா என்று நமக்கு எப்போது தெரியும், எவ்வளவு தெரியும் என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு ஒரு வழிக்கு வந்தார்கள். காலையில் பஸ் நல்லபடியாக இறங்கிப் போனால், சாயங்காலம் திரும்ப வாய்ப்பு உண்டு. அது டவுனிலிருந்து கிளம்பியது தெரிந்தால், வந்துசேரும். மேலே வந்து நின்றபின்தான் வந்தது. ஆக மூன்று சொல்: வரலாம், வரும், வந்தது. காலையிலேயே மக்கர் பண்ணினால் வராது. ஒன்றுமே புரியாவிட்டால் ‘தெரியாது’ என்று போட வேண்டும், வெட்கப்படக் கூடாது என்றார் டீச்சர்.

எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருத்தியைத் தவிர.

“வரலாம்னா வராமலும் போகலாம்னுதானே டீச்சர் அர்த்தம்?”

“ஆமா.”

“அப்போ அதைப் படிச்சா அம்மா வரவே மாட்டாங்க.”

அண்ணன் கடையில் போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிழைக்குமா என்று கேட்டு நிற்பவர்களின் முகங்கள் டீச்சருக்கு நினைவுக்கு வந்தன. பிழைக்கும் என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பும் கடைக்கு இரண்டாம் தடவை யாரும் வந்ததில்லை. ஆனால் அதைப் பத்து வயசுப் பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? தெரிந்ததை மட்டும் எழுதுவோம் என்றார். உள்ளுக்குள் அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இந்த ‘வரலாம்’ ஒரு அம்மாவை நிரந்தரமாகக் கீழேயே நிறுத்திவிட்டால்?

டவுனிலிருந்து பஸ் கிளம்பியதை யார் சொல்வது? டிப்போவை நம்ப முடியாது. டிரைவரைத்தான் பிடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் பஸ் வந்து நின்றதும் டீச்சரும் பிள்ளைகளும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் முதலில் பிடி கொடுக்கவில்லை. என் பஸ்ஸின் மானத்தை உலகம் பூரா ஏற்றுவீர்களா என்றார். டீச்சர் மரியாதையாக ஒன்று கேட்டார்: பஸ் வராத நாளில் ஊர் யாரைத் திட்டுகிறது? டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். திட்டு வாங்கி வாங்கி அவர் மனைவிகூட இந்த ஊர்ப்பக்கம் வர மறுத்துவிட்டாளாம். டவுனில் கிளம்பும்போது ஒரே ஒரு மிஸ்டு கால், யாரும் எடுக்கப் போவதில்லை, செலவும் இல்லை என்றார் டீச்சர். சரி என்றார் டிரைவர், அதுவும் நாளைக்கு மட்டும் என்பது போல.

பள்ளிக்கூடத்துப் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொட்டிப் படிக்கட்டின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். கீழே நின்று காது கொடுக்கும் வேலை கண்டக்டருக்கு. வேறு யாரிடம் ஒப்படைப்பது?

முதல் நாள் காலை, பக்கத்தில் ‘பஸ் இறங்கிப் போனது. மாலை வரலாம்’ என்று ஏறியது. மத்தியானத்துக்கு அப்புறம் மிஸ்டு கால் வந்தது, ‘புறப்பட்டது. வரும்’ என்று மாற்றினார்கள். வந்தது. அடுத்த நாள் காலை பஸ் கிளம்பிய இடத்திலேயே இருமிவிட்டு நின்றது. ‘இன்று வராது’ என்று போட்டார்கள். டைலர் அண்ணன் கடையை மூடிக்கொண்டு போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்று, இன்றைக்கு என்ன பொய் என்று நக்கலாகக் கேட்டுவிட்டுப் போவார். வராது என்று போட்ட அன்றைக்கு அவர் சொல்லிக்கொள்ளாமல் புது மூட்டை ஒன்றைப் பால் வண்டியில் ஏற்றியதை டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்டக்டரின் அம்மாவிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. படிக்கட்டில் நின்று பேசினாள் சிறுமி. பக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாளாம். பார்த்தேன் என்றாளாம் அம்மா. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் இறங்கிப் போனது. ‘மாலை வரலாம்’ ஏறியது. மத்தியானத்திலிருந்து பனிமூட்டம், பின்னால் நிற்கிற தொட்டியே பாதிதான் தெரிந்தது. மிஸ்டு கால் வர வேண்டிய நேரம் வந்து, போயே போய்விட்டது. பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பெஞ்சுகளில் உட்கார ஆரம்பித்தார்கள். கண்டக்டர் படிக்கட்டின் கீழேயே நின்றாள். டீச்சர் கூப்பிடப் போனபோது கையில் போனை வைத்திருந்தாள். பக்கம் திறந்திருந்தது, விரல் எழுத்துகளின் மேல் நின்றது.

“வரும்னு போடட்டுமா டீச்சர்? இன்னைக்கு மட்டும்.”

“மிஸ்டு கால் வந்துச்சா?”

“இல்ல.”

“அப்போ?”

சிறுமி பனியைப் பார்த்தாள். பிறகு போனை உறையில் போட்டு, கைப்பிடியில் கட்டி, “வரலாம்” என்றாள். டீச்சருக்கு அந்தப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கூட்டம் காத்திருந்ததால் முதுகில் ஒரு தட்டு தட்டி அழைத்துப் போனார்.

சர்க்குலர் சார் எழுந்து நின்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, எதிர்ப்பவர் இருந்தால் சொல்லலாம் என்றார். எல்லோரும் டைலர் அண்ணனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார். இந்த வாரம் முழுக்கப் பொய்யைப் பிடித்தே தீருவது என்று தினமும் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்தத் தலைப்பை மாற்ற வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். கால அட்டவணை என்று போட்டால் மனுஷன் நேரத்தைத்தான் தேடுவான். இது எதிர்ப்பா என்று சார் பேனாவோடு கேட்க, எதிர்ப்பு இல்லை, திருத்தம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்தார்.

டீச்சர் மூச்சு விட்டிருப்பார். அதற்குள் பின் பெஞ்சிலிருந்து பெரியம்மா எழுந்தாள்.

“எனக்கு எதிர்ப்பு இருக்கு சார். அதைப் பாத்துதான் என் தங்கச்சி ரெண்டு தடவை ஏமாந்தா. இங்க பிள்ளை வாசல்லயே நிக்குது. நம்பிக்கை குடுத்துக் குடுத்துப் பிடுங்கறது எங்களுக்கு வேணாம். மூடிடுங்க.”

பெரியம்மா சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. டீச்சரே அதை ஒப்புக்கொள்வார். ஒருவர் எதிர்த்தாலும் மூடுவது என்பது பேச்சு. சார் டீச்சரைப் பார்த்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது; ஆனாலும் பேனாவைத் திறந்தார். டீச்சர் எழுந்து, பெரியம்மா சொன்னது நியாயம்தான், தப்பு என்னுடையது, அதைத் திருத்தத்தான் இந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் பாடுபட்டார்கள் என்றார்.

அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கண்டக்டர் தலையைத் தூக்கினாள்.

“மூணாவது வளைவு” என்றாள்.

வேறு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் ஹார்ன் எல்லோர் காதுக்கும் எட்டியது. அதற்குள் அவள் வராந்தாவைத் தாண்டி ஓடியிருந்தாள். டீச்சரும் பின்னாலேயே போனார், கூட்டமும் வந்துவிட்டது. பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்கு, பிறகு பஸ். டிரைவர் இறங்கும்போதே கும்பிடு போட்டார்: போனில் சார்ஜ் இல்லை டீச்சர், நாலு நாளாகவே நிற்க மாட்டேன் என்கிறது. அவருக்குப் பின்னால் கையில் ஒரு துணிப்பையோடு ஒரு பெண் இறங்கினாள். சிறுமி போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டதில் இருவருமே தடுமாறினார்கள்.

பெரியம்மாதான் முதலில் கேட்டாள், தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, கோபமும் அழுகையுமாக. “இனிமே அதை நம்பி வரமாட்டேன்னு சொன்னியேடி. இன்னைக்கும் ‘வரலாம்’னுதானே போட்டிருக்கு?”

“அதனாலதான்க்கா வந்தேன்” என்றாள் அம்மா. மகளின் தலையிலிருந்து பனியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “தினமும் வரும் வரும்னு இருந்தப்ப, யாரோ எழுதிப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். வரலாம்னு பாத்ததும், ஒருத்தர் நின்னு பாத்துதான் எழுதறாங்கன்னு தெரிஞ்சுது. நாமளும் போய் நின்னு பாப்பமேன்னு வந்தேன்.”

டீச்சர் பனியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்க்குலர் சார் வராந்தாவிலிருந்து இதைக் கேட்டார். பெரியம்மாவிடம், உங்கள் எதிர்ப்பை எழுதிக்கொள்ளவா என்று மிக மெதுவாகக் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னத்தை எழுதப்போறீங்க, பிள்ளை குளிர்ல நிக்குது, உள்ள வாங்க எல்லாரும் என்றாள். சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள் டீச்சர் என்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ‘பஸ் வருமா?’ என்று பேர்.

எல்லோரும் கலைந்த பிறகு டீச்சர் அறையைப் பூட்டினார். டிரைவரின் போன் அவர் தோள்பையில் இருந்தது. சார்ஜ் ஏறும் முனையில் அழுக்கு அடைத்திருக்கும், சுத்தம் செய்தால் பிழைக்கலாம் என்று சொல்லி வாங்கி வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை ஆடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் முதல் தடவையாக வேலையை மறந்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தாள். பக்கத்தில் இன்னும் ‘மாலை வரலாம்’ என்றே இருந்தது.

அவளைக் கூப்பிட்டு அனுப்ப டீச்சருக்கு மனசு வரவில்லை. பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, ஈரப் படிக்கட்டில் பாதி உயரம் ஏறி, பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். இரண்டு கோடு எழுந்தது. ‘வரலாம்’ என்பதை அழித்துவிட்டு, ‘வந்தது’ என்று போட்டார்.